கோபம் வந்தால் ஏன் புத்தி வேலை செய்வதில்லை?

நிதானம் என்றால் கோபமே வராமல் இருப்பது இல்லை. வந்த கோபத்துக்கும் செய்யப்போகும் காரியத்துக்கும் நடுவே கொஞ்சம் நேரம் விடுவது, அவ்வளவுதான்.

கோபம் ஏறும்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கும், தசை முறுக்கேறும். உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. கவனமெல்லாம் சீண்டியவர்மேலேயே குவிய, பின்விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதி பிடி தளர்ந்துவிடும்.

2006 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியைப் பாருங்கள். பிரான்ஸ் கேப்டன் ஜிடானுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 7-வது நிமிடத்தில் கோல் போட்டவர் அவர். கூடுதல் நேரத்தில், 110-வது நிமிடத்தில், இத்தாலியின் மாத்தராஸி ஏதோ சொல்ல, விலகி நடந்த ஜிடான் திரும்பி வந்து அவர் நெஞ்சில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். பெனால்டி ஷூட்-அவுட்டில் பிரான்ஸ் 3-5 எனத் தோற்றபோது, உதைக்க அவர் களத்தில் இல்லை. ஆட்ட அறிவு அவருக்கா குறைவு? அந்த நொடியில் அது கைகொடுக்கவில்லை, பாவம்.

அடைமழையில் சாலை தெரியாவிட்டால் வண்டியை ஓரங்கட்டுகிறோம். ஊருக்குப் போவதையே கைவிட்டுவிடுவதில்லை. தட்டிக்கேட்க வேண்டியதை, படபடப்பு அடங்கியபின் தாராளமாகக் கேட்கலாம்.

‘கத்தித் தீர்த்தால் கோபம் தணிந்துவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கத்தக் கத்த அது ஏறத்தான் செய்யும்.