குன்னூர் டு தரங்கம்பாடி, அம்மாவோட ஒரு நாள்

அறுபது தாண்டின அம்மாவ கூட்டிட்டு தரங்கம்பாடி போறோம், வெயில் தாங்குவாங்களான்னு கேட்டிருந்தீங்கல்ல, நானும் உங்க குன்னூர் பக்கம் கோத்தகிரிதாங்க, மலைக்குளிர்ல இருந்தவங்களுக்கு அந்த கடலோர புழுக்கம் ரொம்ப கஷ்டம், அதனால கோவைலேந்து ஜன் சதாப்தில போய் மயிலாடுதுறைல தங்கிடுங்க, மறுநாள் விடிய கிளம்பிடுங்க.

முதல்ல மாசிலாமணிநாதர் கோயில். 1306ல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது, முன்பக்கத்த கடல் கொண்டுபோயிடுச்சு, பாக்கவே மனசு கனத்துடும். அங்க அலைய தடுக்க கருங்கல் கொட்டியிருக்காங்க, ஈரமா வழுக்கும், அம்மாவ ஏற விடாதீங்க.

பக்கத்துலயே டேனிஷ்காரங்க 1620ல கட்டின கோட்டை, அப்புறம் ராஜா வீதில 1718ல கட்டின புது எருசலேம் சர்ச், தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்ச சீகன்பால்குவோட கல்லறை அதுக்குள்ளதான் இருக்கு, அத மட்டும் விட்டுடாதீங்க. எல்லாமே நடக்கிற தூரம். வெயில் ஏறுறதுக்குள்ள ரூமுக்கு திரும்பிடுங்க, பூம்புகார அதே நாள்ல சேர்க்கவே வேணாம்.