அமெரிக்க பேடன்ட் ஒட்டுசுட்டான் வயல்வரை வருமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் ரேடியோ, போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். யானை வேலிக் கம்பி அறுந்தால், காவல் கொட்டிலில் இருப்பவரின் கைப்பட்டி அதிரும்படி ஒரு கருவி செய்து 9 பேருக்கு விற்றேன். மாசி மாதம் முகநூலில் வீடியோவும் போட்டேன். இப்போது ஒருவர் வந்து, "அதிரும் கைப்பட்டிக்கு அமெரிக்கக் கம்பனியிடம் பேடன்ட் இருக்கு, வழக்கு வரும். 2 இலட்சம் தாருங்கள், உலக பேடன்ட் எடுத்துத் தருகிறேன்" என்கிறார். டபிள்யூ.ஓ. என்று தொடங்கும் இலக்கத்தோடு ஒரு கடதாசியும் காட்டினார். என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த 2 இலட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உலக பேடன்ட் என்று ஒன்று கிடையாது. பேடன்ட், அதாவது ஆக்கவுரிமை, நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்காவில் வழங்கியது அமெரிக்காவுக்குள்தான் செல்லும்.

ஆப்பிள் கதையைப் பாருங்கள். மாசிமோ என்ற மருத்துவக் கருவிக் கம்பனியோடு நடந்த ஆக்கவுரிமைத் தகராறில், 2023 கடைசியில் இரத்த ஒட்சிசன் பார்க்கும் ஆப்பிள் கைமணிக்கூடுகளை அமெரிக்காவுக்குள் இறக்கத் தடை வந்தது. அதனால் அதன்பிறகு அங்கே விற்றவற்றில் அந்த வசதியை நிறுத்தினார்கள். வெளிநாடுகளில் விற்றவற்றில் அது பாட்டுக்கு வேலை செய்தது.

அந்தக் கம்பனி இலங்கையிலும் உரிமை எடுத்திருந்தால்? அப்போதும் "அதிரும் கைப்பட்டி" முழுவதும் அவர்களுடையதாகிவிடாது. ஆக்கவுரிமைப் பத்திரத்தின் கடைசியில் உரிமைக் கோரிக்கைகள் இருக்கும். ஒரு கோரிக்கையில் ஐந்து அம்சம் சொல்லியிருந்தால், ஐந்தும் உங்கள் கருவியில் இருந்தால்தான் பிரச்சினை. அவர் எந்தப் பேடன்டைச் சொல்கிறார் என்று இலக்கத்தைக் கேளுங்கள். தரமாட்டார். வெருட்டுவதற்கு இலக்கம் தேவையில்லையே.

அவர் காட்டிய கடதாசி உரிமைப் பத்திரமே அல்ல. டபிள்யூ.ஓ. இலக்கம், சர்வதேச விண்ணப்பம் ஒன்று பிரசுரமாயிற்று என்பதற்கு மட்டும் அடையாளம். பிறகு ஒவ்வொரு நாடாகப் போய், காசு கட்டி, பரிசோதனையில் தேறவேண்டும். விண்ணப்பம் பிரசுரமானதும் "பதிவுக் கட்டணம்" கேட்டு வெளிநாட்டிலிருந்து பில் வரும். அதில் பெரும்பாலானது மோசடி. அதைவிடப் பெரிய ஆபத்து, தரகர் தன் பெயரையும் விண்ணப்பதாரராகப் போட்டுவிடுவது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவே வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத விஷயம்தான் எனக்குக் கவலை: அந்த வீடியோ. புதிய பொருளுக்குத்தான் ஆக்கவுரிமை கிடைக்கும்; ஊருக்குக் காட்டிய பொருள் புதியதல்ல என்பதுதான் பொது விதி. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கு ஒரு விலக்குத் தருகிறது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் இங்கே விண்ணப்பித்தால் அது குறையாகாது. ஆனால் வீடியோவுக்கு முன்பே ஒன்றை விற்றிருந்தால் அந்த நாளிலிருந்து எண்ணுங்கள். கைப்பட்டியைக் கோவில் திருவிழாவில் நாலு பேருக்குக் காட்டியிருந்தாலும் அப்படித்தான். இன்னொரு "ஒரு வருடம்" இருக்கிறது. இரண்டையும் குழப்பித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அது, இங்கே விண்ணப்பித்த பிறகு வெளிநாடுகளில் விண்ணப்பிக்கத் தரும் 12 மாதம். வீடியோவுக்கு அது மருந்தில்லை. நம் நாட்டில் இருக்கும் இந்தச் சலுகை ஐரோப்பாவில் இல்லை. உங்களுக்கு அந்தக் கதவு மாசியிலேயே பூட்டியாயிற்று. அமெரிக்காவில் ஒரு வருடம் உண்டு.

விண்ணப்பம் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகவேண்டும். யானை வருவது வன்னிக்கு, கந்தோர் இருப்பது கொழும்பில். அதுதான் தரகருக்குப் பிழைப்பு. கோரிக்கைகளை எழுத மட்டும் உதவி தேடுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். முகவர் வேண்டுமென்றால் அலுவலகத்தில் பதிவானவர்தானா என்று பாருங்கள். கிடைத்தால் உரிமை 20 வருடம், இடையில் புதுப்பிக்கக் காசு கட்டவேண்டும். 9 கருவிக்கு அது கட்டுமா என்பதையும் யோசியுங்கள். வயர்லெஸ் கருவி விற்பதற்கான தொலைத்தொடர்பு அனுமதி வேறு கதை, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

முதல் விற்பனைத் தேதியையும் வீடியோத் தேதியையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விண்ணப்பம் போகும்வரை புது வீடியோ எதுவும் போடாதீர்கள்.