வாசகர் கேள்விகள்: மென்பொருளை நிறுவும்போது நிர்வாகியின் அனுமதி எதற்கு?

கேள்வி: வீட்டுக் கணினியில் பிரின்டருக்கான மென்பொருளை நிறுவ முயன்றால், திரை இருண்டு, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. கணினி என் சொந்தப் பணத்தில் வாங்கியது. பழுதுபார்க்க வந்தவர், அந்தக் கேள்வியே வராதபடி செய்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: வேண்டாம். கணினி உங்களுடையதுதான், ஆனால் நீங்கள் இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு உங்களுடையது அன்று. அதன் கையில் எவ்வளவு அதிகாரத்தைக் கொடுப்பது என்பதைத்தான் விண்டோஸ் உங்களிடம் கேட்கிறது. பிரின்டரின் இன்ஸ்டாலர் (மென்பொருளை நிறுவித் தரும் நிரல்) தன் கோப்புகளைப் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரிலும், டிரைவரை (பிரின்டரைக் கணினியுடன் பேச வைக்கும் நிரலை) விண்டோஸின் உள் ஃபோல்டர்களிலும் வைக்கிறது; எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) எழுதுகிறது; கணினியுடன் சேர்ந்தே இயங்கத் தொடங்கும் சர்வீஸ் (பின்னணி நிரல்) ஒன்றைப் பதிவு செய்வதும் உண்டு. இந்த இடங்களில் எழுத நிர்வாகிக்கு, அதாவது கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் உள்ள கணக்குக்கு, மட்டுமே உரிமை உண்டு. அனுமதி கொடுத்த பிறகு, அந்த இன்ஸ்டாலர் பிரின்டர் வேலையோடு நின்றுகொள்கிறதா என்று விண்டோஸ் பார்த்துக்கொண்டிருக்காது. வீட்டில் மற்றவர்கள் தனிக் கணக்கில் வைத்திருக்கும் கோப்புகளைத் திறக்கவும் அதே அதிகாரம் போதும்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், வீட்டுப் பயனர்களில் பெரும்பாலோர் நிர்வாகி கணக்கிலேயே நாள் முழுவதும் வேலை செய்தார்கள். அதனால் அவர்கள் திறந்த எந்த நிரலுக்கும், அது வைரஸாகவே இருந்தாலும், முழு அதிகாரம் கேட்காமலேயே கிடைத்தது. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த இந்த அனுமதிக் கேள்வி அந்த நிலையை மாற்றியது. நிர்வாகி கணக்கில் இருப்பவரிடம் வழக்கமாக ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதில் மட்டுமே கேட்கப்படும். சாதாரணக் கணக்கில் இருப்பவரிடம் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். உங்களிடம் கடவுச்சொல்லைக் கேட்கிறது என்பதால், உங்களுடையது பெரும்பாலும் சாதாரணக் கணக்காகவே இருக்கும். அப்படி அமைத்துக் கொடுத்தவர் உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறார். திரை இருள்வதும் பழுதன்று. பின்னணியில் இயங்கும் வேறொரு நிரல் உங்களுக்குப் பதிலாக ‘ஆம்’ பொத்தானை அழுத்திவிடாமல் இருக்க, அந்தக் கேள்வி தனித்திரையில் காட்டப்படுகிறது.

பழுதுபார்ப்பவர் சொல்வது, இதற்கான அமைப்பை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவதாக இருக்கலாம். அப்படிச் செய்தால் நிர்வாகி கணக்கில் எல்லாக் கோரிக்கைகளும் கேட்காமலேயே நிறைவேறும். உங்களைப் போல் சாதாரணக் கணக்கில் இருப்பவருக்கோ அவை கேட்காமலேயே மறுக்கப்படும். ஆக, உங்கள் பிரின்டர் சிக்கல் தீராது, கணினியின் காவல் மட்டும் போய்விடும்.

அதைவிட, அந்தச் சாளரத்தை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். நிரலின் பெயருக்குக் கீழே வெளியீட்டாளரின் பெயர் இருக்கும். அங்கே பிரின்டர் நிறுவனத்தின் பெயர் சரிபார்க்கப்பட்டதாகக் காட்டப்பட்டால் கடவுச்சொல்லைக் கொடுக்கலாம். வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்ற குறிப்புடன் மேற்பட்டை மஞ்சள் நிறத்தில் தெரிந்தால், சாளரத்தை மூடிவிட்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து கோப்பை மீண்டும் இறக்குங்கள். நீங்கள் எதையும் நிறுவாத நேரத்தில் இந்தக் கேள்வி திடீரென வந்து, கேட்பது எந்த நிரல் என்பதும் புரியாவிட்டால், ‘இல்லை’ என்பதே சரியான பதில்.

கேள்வி: சில மென்பொருள்கள் கடவுச்சொல் கேட்காமலேயே நிறுவப்படுகின்றனவே, அவை பாதுகாப்பானவையா?
– சேலம் வாசகர்

பதில்: அவை உங்கள் கணக்குக்கு உரிய ஃபோல்டருக்குள் மட்டும் தங்களை நிறுவிக்கொள்கின்றன. நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோ கோடுக்கு இந்த வகையில் ஓர் இன்ஸ்டாலரும், எல்லாப் பயனர்களுக்குமாக நிர்வாகி அனுமதியுடன் நிறுவ இன்னோர் இன்ஸ்டாலரும் தனித்தனியே உள்ளன. தமிழ் எழுத்துருக்களையும் 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இவ்வாறு உங்களுக்கு மட்டும் நிறுவிக்கொள்ளலாம். ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அனுமதி கேட்கும். தேவையில்லாத அதிகாரத்தைக் கேட்காத இந்த முறையை எல்லா மென்பொருள் நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும், கடவுச்சொல் கேட்கவில்லை என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது. உங்கள் புகைப்படங்களும் ஆவணங்களும் உங்கள் கணக்குக்குள்ளேதான் இருக்கின்றன. அவற்றைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு நிர்வாகி அனுமதி தேவையே இல்லை.

கேள்வி: உபுண்டு லினக்ஸின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்), நிர்வாகி அதிகாரத்துடன் இயக்க உதவும் சூடோ கட்டளையுடன் மென்பொருளை நிறுவினேன். கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. மேலும், அடுத்த கட்டளைக்குக் கடவுச்சொல்லே கேட்கவில்லை. கோளாறா?
– மதுரை மாணவர்

பதில்: இரண்டும் கோளாறல்ல. கடவுச்சொல் எத்தனை எழுத்து என்பதுகூட அருகில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே நட்சத்திரக் குறியும் காட்டப்படுவதில்லை. தட்டி முடித்து எண்டரை அழுத்துங்கள். கேட்கப்படுவது உங்கள் சொந்தக் கடவுச்சொல்தான், ரூட் கணக்குக்கு (லினக்ஸின் முழு அதிகாரம் கொண்ட கணக்குக்கு) உரியது அன்று. ஒருமுறை கொடுத்தால், வழக்கமான அமைப்பில், அதே டெர்மினலில் சுமார் 15 நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது. அந்த இடைவெளியில் எங்கோ கண்ட கட்டளையை அப்படியே ஒட்டி இயக்காதீர்கள். டெப் கோப்பை (உபுண்டுக்கான மென்பொருள் தொகுப்பை) நிறுவும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகளும் (கட்டளைத் தொகுப்புகளும்) ரூட் அதிகாரத்துடனேயே இயங்கும் என்பதால், உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் கிடைக்கும் மென்பொருளை வெளித் தளத்திலிருந்து இறக்காதீர்கள்.