அவருக்கு மலை உச்சி, எனக்கு ஏரி: ஐந்து நாளில் இரண்டும் முடியுமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். மே கடைசியில் நானும் கணவரும் ஐந்து நாள் லேக் டிஸ்ட்ரிக்ட் (வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி, மலைப் பகுதி) போகிறோம். கார் கிடையாது. இங்கிலாந்திலேயே உயரமான மலையான ஸ்காஃபெல் பைக்கில் ஏறியே தீருவேன் என்கிறார் அவர். எனக்கோ இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். ஏரியும் ஊரும் பார்த்தால் போதும். ஆளுக்கொரு பக்கம் போவதா?

பதில்: வேண்டாம், சேர்ந்தே போங்கள். ஐந்து நாளும் கெஸிக் ஊரிலேயே தங்குங்கள். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து பென்ரித் வரை ரயில், அங்கிருந்து பஸ். தினமும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் மாறினால், வெயில் அடிக்கிற காலைப் பொழுதெல்லாம் அறையைக் காலி செய்வதிலேயே போய்விடும்.

வானம் தெளிவாக இருக்கும் முதல் நாளை கேட்பெல்ஸ் குன்றுக்கு ஒதுக்குங்கள். உயரம் 451 மீட்டர்தான். ஆனால் உங்கள் இருவருக்கும் வேண்டியது அதில் இருக்கிறது. கெஸிக் படகுத்துறையிலிருந்து டெர்வென்ட்வாட்டர் ஏரியைக் கடந்து ஹாஸ் எண்டில் இறங்கினால், அங்கிருந்தே ஏற்றம் தொடங்குகிறது. இரண்டு இடங்களில் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டும். பல வருடக் காலடிகள் பட்டு அந்தப் பாறை வழவழவென்று தேய்ந்திருக்கும், ஈரமாக இருந்தால் வழுக்கும். அதனால் அந்தப் பக்கம் ஏறுங்கள், இறங்காதீர்கள். உச்சியைத் தாண்டி முகட்டிலேயே தெற்கே நடந்து, ஹாஸ் கேட்டில் இடது பக்கம் இறங்குங்கள். கல் பாவிய சரிவான பாதை அது. கைத்தடி இரண்டு கட்டாயம் வேண்டும். இறக்கத்தில் அவற்றைக் கொஞ்சம் நீட்டி வைத்து, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கீழே பிராண்டல்ஹௌ காட்டுக்குள் நடந்து ஹை பிராண்டல்ஹௌ துறைக்கு வந்தால் மறுபடி படகு. கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புளிசாதத்தை உச்சியில் பிரிக்காதீர்கள், அங்கே காற்று அடிக்கும். ஏரிக்கரைக்கு வந்து சாப்பிடுங்கள்.

சரி, ஸ்காஃபெல் பைக்? 978 மீட்டர். கார் இல்லாமல் போனால் நாள் முழுக்க அதற்கே வேண்டும். 78ஆம் எண் பஸ்ஸில் சீடோலர் வரை போய், சீத்வெயிட் பண்ணைக்கு இன்னும் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் மலைப்பாதையே வரும். சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சென்னையைப் போல இரு மடங்கு. உச்சிப் பகுதி முழுக்கப் பெரிய பெரிய கற்கள். மேகம் இறங்கிவிட்டால் பாதை தெரியாது. வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருந்தால் போதாது, பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. புது ஷூவை இப்போதிருந்தே லண்டனில் போட்டு நடந்து பழக்குங்கள்.

மழை நாளில் 555 பஸ்ஸில் கிராஸ்மியர். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த டவ் காட்டேஜ், அவர் கல்லறை இருக்கும் தேவாலயம், அதை ஒட்டிய இஞ்சி ரொட்டிக் கடை, மூன்றும் நடக்கிற தூரத்தில்தான். மாலை வெயில் வந்தால் காஸில்ரிக் கல்வட்டத்துக்கு நடந்து போங்கள். மே கடைசியில் இரவு ஒன்பதுக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். சுற்றிலும் மலை, நடுவே சுமார் 5000 ஆண்டுப் பழமையான கற்கள். எனக்கு அந்த வட்டாரத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

ஸ்காஃபெல் பைக் முடிவை லண்டனிலேயே எடுக்காதீர்கள். கேட்பெல்ஸ் போய் வந்த மறுநாள் காலை, தங்கும் இடத்தில் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். முழங்கால் பேசாமல் இருந்து, மெட் ஆபீஸின் மலை வானிலை அறிக்கையும் மேகம் இல்லை என்றால், இருவரும் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வலி இருந்தால் அவரையும் அன்று தனியாக அனுப்ப வேண்டாம். 368 மீட்டர் லாட்ரிக் குன்று கெஸிக்கை ஒட்டியே இருக்கிறது, சரிவும் மென்மையானது. அன்றைக்கு அது போதும்.