எருக்கஞ்செடி முன்னால் அரைமணி நேரம்: பூச்சி, சிலந்தி, காட்டுச்செடி கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வந்தவர்களும் வர நினைப்பவர்களும் கேட்டவை. நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. மதுரைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் பதினைந்து வருஷமாகக் குனிந்தபடியே நடப்பவன், அவ்வளவுதான்.

சார், பூச்சி பார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டுமா? எங்கள் வீட்டைச் சுற்றிக் காலி மனைகள்தான்.

காலி மனை போதும். எருக்கு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வேறெங்கும் போகாதீர்கள், அரைமணி நேரம் அதன் முன்னாலேயே நில்லுங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, நடுவே மஞ்சள் புள்ளி, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு என்று ஒரு புழு இலையில் இருந்தால், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. தளிரில் மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பிக் கிடக்கும். அதைத் தின்னப் பொறிவண்டு வரும். பூவுக்கு 'ரொய்ங்' என்று வருவது கறுப்புத் தச்சுத் தேனீ. நீலமும் மஞ்சளுமாக வரிபோட்ட எருக்கு வெட்டுக்கிளியும் கண்ணில் படலாம். அழகாக இருக்கிறதே என்று பிடித்துவிடாதீர்கள், திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும். என் வெள்ளைச் சட்டை ஒன்று அப்படித்தான் போனது.

செடியைத் தெரிந்துகொண்டால் பூச்சி தானாக வரும். நடைக்கு வருபவர்களிடம் நான் நச்சரிப்பது இதை ஒன்றைத்தான். அப்புறம், எருக்கை ஒடித்த கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள். பால் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அண்ணா, மாமரத்தில் ஒரு முசுறு நூலில் தொங்கியது. எறும்பு நூல் விடுமா?

கூர்மையான கண் உங்களுக்கு! முசுறு கூட்டில் நூல் உண்டு. ஆனால் அதை விடுவது வளர்ந்த எறும்பு இல்லை, அதன் புழு. சில எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில, புழுவை வாயில் கவ்விக்கொண்டு இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாற்றி மாற்றி ஒற்றும். தையல்காரர் கையில் ஊசி போலத்தான்.

நீங்கள் பார்த்தது அநேகமாக எறும்பே இல்லை, முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. கால்களை எண்ணியிருந்தால் எட்டு வந்திருக்கும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். முசுறு கடிக்கும், அமிலமும் பீய்ச்சும் என்று தெரிந்த பிராணிகள் இதையும் விட்டுவிடும். ஆண் சிலந்திக்குத் தாடை நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப் போகிறது என்றே நினைப்போம். வேஷம் போட்டாலும் முசுறுக்குப் பக்கத்தில் போகாது. மாட்டினால் அவ்வளவுதான்.

முதல் மழைக்குப் பிறகு என் மகள் சிவப்பு வெல்வெட் பூச்சிகளைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். என்ன தீனி போடுவது?

எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். அதட்ட வேண்டாம், நாமும் அந்த வயதில் தீப்பெட்டியோடு திரிந்தவர்கள்தான். தம்பலப்பூச்சி என்றும் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் இது 'மூதாய்'. எட்டுக் கால் இருப்பதால் பூச்சி இனமே இல்லை, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்துவிட்டு, இரை தேடவும் இணை சேரவும் மழையை ஒட்டிச் சில நாள்தான் மேலே வரும். அந்தச் சில நாளும் தீப்பெட்டியில் போனால் பாவம்.

வலை நடுவே பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருக்கும் சிலந்தி விஷமா?

மனிதருக்கு ஆபத்தில்லை. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அந்தக் குறிமேலேயே நீட்டிக்கொண்டிருப்பது பெண். ஆண் மிகச் சிறியது, வலை ஓரத்தில் தேடிப் பாருங்கள். குறி எதற்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இரையை இழுக்க என்கிறார்கள் சிலர், பறவை வலையை அறுக்காமலிருக்க என்கிறார்கள் சிலர்.

காட்டுக் கிழங்கு, பழமெல்லாம் ருசி பார்க்கலாமா?

கூடாது. செங்காந்தள் நம் மாநில மலர்தான், ஆனால் அதன் கிழங்கு ஆளைக் கொல்லும். குன்றிமணியும் அப்படியே.

செயலியில் படம் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் காட்டுகிறது.

ஒரே படம் போட்டால் அப்படித்தான். பட்டாம்பூச்சிக்கு இறக்கையின் அடிப்பக்கம், சிலந்திக்கு முகம் (கண் வரிசை முக்கியம்), செடிக்குப் பூவோடு இலையும் தண்டும் வேண்டும். பூச்சி உட்கார்ந்திருந்த செடியையும் ஒரு படம் எடுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பிள்ளைகளோடு இரவில் போகலாமா? இருட்டில் என்ன தெரியும்?

போகலாம். ஆனால் எல்லோருக்கும் ஷூ கட்டாயம், கட்டுவிரியன் நடமாடும் நேரம் அது. டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் பிடித்துப் புல்தரையைப் பாருங்கள். பனித்துளி மாதிரி அங்கங்கே மினுக்கும். ஒன்றைக் குறிவைத்து மெதுவாகக் கிட்டே போனால் அது ஓநாய்ச் சிலந்தியின் கண். ஒற்றைப் புள்ளிக்குப் பதில் ஒரு கொத்தே மினுக்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு தாய் போகிறாள்.