டெபாசிட்டை உடைத்து மொட்டை மாடிக்கு ஓடு பதிக்கலாமா?

கேள்வி: மதுரையில் 900 சதுர அடியில் தரைத்தள வீடு, மேலே மொட்டை மாடி. ஒரு படுக்கையறையில் மட்டும் ஏசி இருக்கிறது. குளிர் மாதங்களில் 380 யூனிட் வரும் கரண்ட் பில், கோடையில் 780 வரை போகிறது. தளம் முழுவதும் வெப்பத்தடுப்பு ஷீட் விரித்து வெள்ளை ஓடு பதிக்க 1,35,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டே வருடத்தில் போட்ட காசு வந்துவிடுமாம். 7 சதவீத வட்டியில் இருக்கும் டெபாசிட்டை உடைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஏசி இருக்கும் அறைக்கு மேல் மட்டும் பதியுங்கள், போதும்.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். கோடையில் கூடும் 400 யூனிட்டில் பெரும்பகுதி ஏசிக்குத்தான். தளத்துச் சூட்டைத் தடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 130 யூனிட் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் யூனிட் கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறுவதால், குறையும் யூனிட் உச்சிப் படியில்தான் கழியும். 600-க்கு மேல் யூனிட்டுக்கு 9 ரூபாய்க்குக் குறையாது. ஒரு பில்லுக்கு 1,170 ரூபாய், கோடைக்கு மூன்று பில் என்றால் வருடத்துக்குச் சுமார் 3,500. ஆனால் 1,35,000-க்கு டெபாசிட் வட்டியே 9,450 வருகிறதே! இரண்டு வருடக் கணக்கு எங்கிருந்து வந்ததோ, சொன்னவருக்கே வெளிச்சம்.

ஏசி ஓடாத ஹாலுக்கும் சமையலறைக்கும் மேல் ஓடு பதித்தால் புழுக்கம் குறையும், பில் குறையாது. அறைக்கு மேல், சுவரைத் தாண்டிக் கொஞ்சம் சேர்த்து, 250 சதுர அடி போதும். சின்ன வேலை என்று சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் 40,000-க்குள் முடியும். அதற்கும் ஏறக்குறைய அதே 3,500 மிச்சம். டெபாசிட் வட்டிக்கு வருமான வரி உண்டு, இந்த மிச்சத்துக்குக் கிடையாது. ஆனால் டெபாசிட்டில் அசல் திரும்ப வரும், ஓட்டில் வராது. போட்டது ஈடாகவே 11 வருடம் ஆகும். அதனால் இதை முதலீடாகப் பார்க்காதீர்கள். நிம்மதியான தூக்கத்துக்குச் செலவழிக்கிறோம், அது மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது என்று பாருங்கள். அடுத்த முறை ஏசி மாற்றும்போது ஒன்றரை டன்னுக்குப் பதில் ஒரு டன் போதுமாகிவிட்டால் அங்கேயும் ஒரு தொகை மிஞ்சும்.

தளத்துக்குக் கீழே தெர்மாகோல் சீலிங் மலிவு என்பார்கள். கோடையில் இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இன்னும் சுடும். பகலெல்லாம் கான்கிரீட் வாங்கிய சூடு அது. சீலிங் போட்டாலும் கான்கிரீட் சூடாவது நிற்காது. மேலே ஷீட் போட்டால் அது அவ்வளவாகச் சூடாகாது. அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மீதித் தளத்துக்குச் சுண்ணாம்பில் பசை கலந்து வெள்ளையடியுங்கள். சில ஆயிரத்தில் முடியும், மழைக்குப் பிறகு வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மூன்று பில்லில் 390 யூனிட் குறைந்தால் சுமார் 270 கிலோ குறையும்.

40,000-ஐக் கடன் வாங்காமல், டெபாசிட் முதிரும்போது எடுங்கள். முன்கூட்டி உடைத்தால் வட்டியில் பிடிப்பார்கள். ஓடு பதிப்பதற்கு முன் தளத்தில் தண்ணீர் தேக்கி விரிசல் பார்த்து அடைத்துவிடுங்கள். பதித்த பிறகு ஒழுகினால் ஓடுகளை உடைக்க வேண்டியிருக்கும். ஷீட்டின் தடிமனை மட்டும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.