பேசினா மட்டும் மாறிடுவாங்களா?

கேள்வி: ஜெயில்ல இருந்து வந்த தம்பி மறுவாழ்வு குரூப்புக்கு போறான், வட்டமா உக்காந்து பேசிட்டு வர்றான், வெறும் பேச்சுல ஒருத்தன் மாறுவானா சார்?

பதில்: மாறுவாங்கம்மா, ஆனா அறிவுரை கேட்டு இல்ல. அங்க ஒருத்தன் சாக்கு சொன்னா எதிர்ல இருக்கிறவன் உடனே பிடிச்சிடுவான், ஏன்னா அதே சாக்கை அவனும் சொல்லிப் பாத்தவன்தானே, அதிகாரி சொல்லி ஏறாதது அவன் சொன்னா ஏறும். ஷேட் மருனாங்கிற ஆய்வாளர் லிவர்பூல்ல குற்றத்தை விட்டவங்க, விடாதவங்க ரெண்டு தரப்பு வாழ்க்கைக் கதையையும் கேட்டு 2001ல எழுதினார். விட்டவங்க, நான் அடிப்படையில கெட்டவன் இல்ல, இனி யாருக்காவது உதவணும்னு தன் கதையையே புதுசா சொல்லிக்கிட்டாங்க, மத்தவங்க என் கையில எதுவும் இல்லன்னாங்க. அந்தப் புதுக் கதையைச் சொல்லிப் பழக ஒரு இடம் வேணும்ல, அதான் குரூப். வேலையும் அமையணும், அது வேற. வீட்டுக்கு வந்ததும் என்ன பேசினன்னு குடையாதீங்க, அவனா சொன்னா உக்காந்து கேளுங்க.